அளவு படிக்காத பெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: உன் பெண்டாட்டி நன்றாக இருக்கிறாள். இப்போது உட்கார்ந்து படி. நடுக்கடலில் உனக்குப் போன் கிடைக்கவில்லை, எனக்கோ சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை!

திங்கட்கிழமை காலை, நெஞ்சை அழுத்துகிறது என்று எனக்குப் போன் செய்தாள். குழந்தை பிறந்து மூன்று வாரம், வயதோ முப்பத்திரண்டு, சர்க்கரை கிடையாது, கொழுப்பு கிடையாது. தூக்கம் கெட்டதால் வரும் வலிக்கு ஊரைக் கூட்டாதே என்று வெடுக்கென்று போனை வைத்துவிட்டேன். பதினாறு வருஷமாக இதய ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனாகக் குப்பை கொட்டுகிறவள் நான்! மதியம் பக்கத்து வீட்டுக்காரி அவளை எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிவந்தாள். ஸ்ட்ரெச்சரில் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

ஆஞ்சியோவில் இதய ரத்தக் குழாய் ஒன்று நீளமாக, வழவழவென்று சுருங்கித் தெரிந்தது. குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட்டை டாக்டர் கேட்டார். எங்கள் லேபில் டெக்னீஷியன் ஸ்டென்ட் பெட்டிமேல் உள்ள அளவை உரக்கப் படித்தால்தான் அதைப் பிரிப்பார்கள். நான் படிக்கவில்லை. இது கொழுப்பு அடைப்பு மாதிரி இல்லையே சார், குழாய்க்குள்ளே ஒருதடவை பார்த்துவிடலாமா என்றேன். அவர் முறைத்தார். குழாய் கிழிந்திருந்தால் உள்ளே நுழைவதே ஆபத்து, தெரியுமில்லையா என்றார். தெரியும் என்றேன். கொஞ்சம் யோசித்து, படம் எடுக்கும் நூல் போன்ற கருவியை மெல்ல மெல்ல அனுப்பினார்.

அடேயப்பா, நீ அந்தத் திரையைப் பார்த்திருக்க வேண்டும்! கொழுப்பு துளிகூட இல்லை. குழாயின் சுவர் தானாகவே பிளந்து, இடையில் ரத்தம் பிறை மாதிரி தேங்கி, வழியை நெருக்கிக்கொண்டிருந்தது. ஸ்டென்ட்டை விரித்திருந்தால் கிழிசல் இன்னும் நீண்டிருக்கலாம். ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தானே ஆறிவிடும், யாரும் கை வைக்க வேண்டாம் என்று டாக்டர் கருவியை வெளியே எடுத்துவிட்டார். பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுத் துள்ளிக் குதிக்காத குறைதான்.

இன்று ஐந்தாம் நாள். வலி இல்லை, மாத்திரை மட்டும்தான். குழந்தை என்னிடம் இருக்கிறான். மூக்கு உன்னுடையது, கத்தலும் உன்னுடையது.

இரண்டு வருஷமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவள், நேற்று அண்ணி என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் இல்லாவிட்டால் நான் இல்லை என்றாள். அந்தப் போனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேச வாயெடுத்ததும், விடுங்கள் அண்ணி என்று தடுத்துவிட்டாள்.

நீங்கள் மூவரும் நூறு வயது இருக்க வேண்டும். கேப்டனிடம் கெஞ்சியாவது சீக்கிரம் வந்து சேர். வந்ததும் முதல் வேலையாக என்னை நன்றாகத் திட்டு. அவள் திட்ட மாட்டேன் என்கிறாள், என்னால் தாங்க முடியவில்லை.

உன் அக்கா