சம்பந்திகள் தைத்த ஷூ

மே 4

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்களும் சம்பந்தி ஐயாவும், மாப்பிள்ளையும், என் பெண்ணும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மாதம் உங்கள் வீட்டில் எங்களைக் கவனித்துக்கொண்ட விதத்தை இவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்கம்பக்கத்து ஐந்து நாடுகளும் வரியை எடுத்துவிட்டு ஒரே சந்தையாக வேண்டும் என்று உங்கள் ஊர் வணிகர் கூட்டத்தில் நீங்கள் பேசியது, எல்லைப் பாலத்தைத் தாண்டி எங்கள் நாட்டுப் பத்திரிகைக்கும் வந்துவிட்டது. படம் நன்றாக இருந்தது. பேச்சுதான் பிடிக்கவில்லை.

உங்களுடையது சொந்தக் கம்பெனி. எங்களுடையது பெண்கள் கூட்டுறவுச் சங்கம். இரண்டு பேரும் செய்வது பள்ளிக்கூட ஷூதான். நடுவில் வரி என்று ஒரு சுவர் இருப்பதால் அவரவர் பக்கத்தில் பிழைக்கிறோம். அந்தச் சுவர் விழுந்தால் முதலில் யார் தலையில் விழும் என்று எங்கள் பெண்கள் கேட்கிறார்கள். சங்கத் தலைவி என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பதில் தெரிய வேண்டாமா? அதனால் எதிர்ப்பைச் சொல்ல மந்திரியிடம் போகும் குழுவுக்கு நானே முன்னால் போகிறேன். யார் வாயிலிருந்தோ உங்கள் காதுக்கு வருவதைவிட நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

ஒரே ஒரு வேண்டுகோள். நம் சண்டை நம்மோடு இருக்கட்டும். என் பெண் உங்கள் வீட்டில் இருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா


மே 13

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை உங்கள் பெண்ணிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்து முடித்துவிட்டு, “அத்தை, அம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்கு” என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அப்புறம் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அவளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியவள் நான்தான்.

என் நியாயத்தையும் கேளுங்கள். போன வருஷம் உங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கேட்டார்கள் என்று ஒரு லாரி ஷூ அனுப்பினேன். பாலத்து முனையில் ஒரு அதிகாரி ஒரு வரி சொன்னார், அடுத்தவர் வேறு வரி சொன்னார். அவர்கள் பேசி முடிப்பதற்குள் பள்ளி திறந்துவிட்டது. பிள்ளைகள் பழைய ஷூவோடு போய்விட்டார்கள். மழையில் நின்ற லாரி அப்படியே திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்தால் ஷூவுக்குள் பூஞ்சை.

நாம் இரண்டு பேரும் இப்படிப் பாலத்தடியில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, தூர தேசத்து ஷூ கப்பல் கப்பலாக இறங்குகிறது. அவர்களுக்குப் பெரிய சந்தை, ஏராளமாகச் செய்கிறார்கள், விலை குறைகிறது. நமக்கோ ஆளுக்கொரு துண்டுச் சந்தை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஷூவின் மேல்பாகம், அந்த அப்பர், உங்கள் பெண்கள் தைப்பதுபோல் எங்களுக்கு வராது. ஆனால் உங்கள் சோல் ஒரு மழைக்கே வாயைப் பிளக்கிறது. எங்கள் சோல் பிளக்காது. அப்பரை நீங்கள் தையுங்கள். சோலை நான் வார்த்து ஒட்டுகிறேன். ஒரே ஷூ. ஐந்து நாட்டிலும் விற்போம்.

மந்திரியிடம் தாராளமாகப் போய் வாருங்கள். போகிற வழியில் இதையும் யோசியுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


ஜூன் 2

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். ‘வாயைப் பிளக்கிறது’ என்று எழுதியிருந்தீர்கள். படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாள் கடையில் உங்கள் ஷூ ஒன்றை வாங்கி, எங்கள் ஷூவோடு சேர்த்து வாளித் தண்ணீரில் ஊறப் போட்டேன். பிறகு இரண்டையும் கத்தியால் அறுத்துப் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

மந்திரியையும் பார்த்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று வெளியே வந்த பிறகு எங்களுக்குள்ளேயே சண்டை. எப்படியானாலும் அந்த ஒரே சந்தை ஒப்பந்தம் வரத்தான் போகிறது. வருவதற்குள் நாம் தயாராக வேண்டும் என்று சங்கத்தில் சொல்லிவிட்டேன்.

ஆனால் சம்பந்தி, நீங்கள் எழுதியதில் பாதிதான் இருக்கிறது. என் சோல் பிரிவை மூடச் சொல்கிறீர்கள். அப்பர் முழுவதையும் நான் தைத்தால் உங்கள் தையல் பிரிவு என்ன ஆகும்? அதை நடத்துவது உங்கள் கொழுந்தனார் அல்லவா? கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் காலைக் காட்டி, “இது நான் தைச்ச ஷூ” என்று எல்லோரையும் பிடித்து நிறுத்திச் சொன்னாரே, அவர்தானே? என் பக்கம் மட்டும் வெட்டி, உங்கள் பக்கம் அப்படியே இருப்பதானால் இந்தப் பேச்சே வேண்டாம்.

என் சோல் பிரிவுப் பெண்களில் ஒருத்தியைக்கூட வெளியே அனுப்ப மாட்டேன். எல்லோருக்கும் தையல் கற்றுக்கொடுப்பேன். அதற்கு நாள் பிடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று. நாளைக்கு வேறு எங்கோ அப்பர் மலிவாகக் கிடைக்கிறது என்று எங்களைக் கைவிடுவதானால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மருமகளின் அம்மா


ஜூலை 20

அன்புள்ள சம்பந்திக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். சும்மா இருந்து தாமதிக்கவில்லை. செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

நீங்கள் கேட்ட கேள்வியை நான் என்னையே கேட்டுக்கொள்ளாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். போன திங்கட்கிழமை கொழுந்தனாரைக் கூப்பிட்டு, தையல் பிரிவை மூடப் போகிறேன் என்று சொன்னேன்.

“அண்ணி, நான் தைக்கிறது நல்லா இல்லையா?” என்றார்.

“நல்லா இல்லன்னு யார் சொன்னா? அவங்க தைக்கிறது இன்னும் நல்லா இருக்கு” என்றேன். இதைவிட நயமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. சோல் பிரிவில் மேற்பார்வை பாருங்கள் என்று கேட்டேன். “ரப்பர் நாத்தம் எனக்கு ஒத்துக்காது” என்று சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். கூடப் பிறந்த தம்பி மாதிரி இருந்தவர். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. உங்கள் சம்பந்தி ஐயாவும் தோட்டத்தில் செடிகளோடு பேசுகிறார், என்னோடு பேசுவதில்லை.

தையல் பிரிவில் இருந்தவர்களில் பாதிப்பேர் சோல் பக்கம் வந்துவிட்டார்கள். மீதிப்பேர் போய்விட்டார்கள். அவர்கள் முகம் தூக்கத்திலும் வருகிறது. இருந்தாலும் எடுத்த முடிவு எடுத்ததுதான். சோல் அச்சு புதிதாக இறக்கியாகிவிட்டது.

உங்களைக் கைவிட மாட்டேன். எத்தனை நாள் பிடித்தாலும் பொறுக்கிறேன். நீங்கள் கற்றுக்கொடுங்கள்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 9

அன்புள்ள சம்பந்திக்கு,

வணக்கம். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து மூச்சு விட நேரமில்லை. அதனால் முதல் லாரியின் கதையை இப்போதுதான் எழுதுகிறேன்.

அப்பர் பெட்டிகளோடு நானும் லாரியில் ஏறிவிட்டேன். பாலத்து முனையில் ஒரு அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்தார். “மேல இங்க தைக்கிறீங்க, அடி அங்க ஒட்டுறாங்க. அப்போ இது எந்த நாட்டு ஷூ?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர், “போடற பிள்ளை எந்த நாடோ அந்த நாட்டு ஷூ, சார்” என்றான். அதிகாரி சிரிக்கவில்லை. புதிய விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஐந்து நாடுகளுக்குள் எங்கே செய்திருந்தாலும் உள்நாட்டுச் சரக்குதான், வரி கிடையாது என்று போட்டிருந்ததாம். நாங்கள் டீ ஆற்றிக் குடிப்பதற்குள் தடுப்பு உயர்ந்துவிட்டது.

இப்போது ஷூ விலை குறைந்திருக்கிறது. நாம் பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்ப் பள்ளிகளெல்லாம் கேட்கின்றன. எங்கள் சோல் பெண்கள் எல்லோரும் தைக்கிறார்கள். அவர்களில் மூத்தவளான பெரியக்காவுக்கு மட்டும் கண் ஒத்துழைக்க மாட்டேன் என்றது. கண்ணாடி போட்டு உட்கார வைத்தேன். அழுதுகொண்டே கற்றுக்கொண்டாள். இத்தனைக்கும் கை போதவில்லை.

இனி முக்கியமான விஷயம். பாலத்தைத் தாண்டி வேலைக்கு வர அடையாள அட்டை போதும் என்று ஆனதிலிருந்து உங்கள் பக்கத்துத் தையல்காரர்கள் வந்து கேட்கிறார்கள். போன மாதம் ஒரு நாள் காலை, அந்த வரிசையின் கடைசியில் உங்கள் கொழுந்தனார் நின்றார்.

“சொந்தம்னு வேலை தர வேணாம். தைச்சுக் காட்டறேன். பிடிச்சா வைங்க” என்றார்.

தைத்தார். குதிகால் வளைவு அற்புதம். பெரியக்கா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், முன்பக்கம் இழுக்குது. பிரிச்சுத் தைங்க” என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஊசியை எடுத்துப் பிரித்தார். மறுபடி தைத்தார்.

இப்போது தானும் தைத்துக்கொண்டு, உங்களுக்கு வரும் ஒவ்வொரு பெட்டியையும் அவர்தான் பார்த்து அனுப்புகிறார். கொஞ்சம் கோணினாலும், “இது போச்சுன்னா அண்ணி திருப்பி அனுப்பிருவாங்க” என்று ஒதுக்கிவிடுகிறார். பெண்களுக்கு என்னைவிட அவரிடம்தான் பயம்.

அண்ணிக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். சொல்ல மாட்டேன் என்றுதான் ஒப்புக்கொண்டேன். எழுதுவதைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 15

அன்புள்ள சம்பந்திக்கு,

மலிவாக அப்பர் தருகிறேன் என்று நேற்று ஒரு ஏஜெண்டு வந்தார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். பெட்டியைப் பிரித்துக் குதிகாலைப் பார்த்தேன். அந்தக் கையை எனக்குத் தெரியாதா? அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை. அந்த ஒரு அப்பரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரட்டும் என்று அவரைக் கூப்பிட்டு அனுப்ப மாட்டேன். அவர் தானாக ஒரு இடம் தேடி, தைத்துக் காட்டி வாங்கிய வேலை அது. அதில் நான் கை வைக்கக் கூடாது.

அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. மத்தியானம் சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்கும். நடுங்கினாலும் ஊசியைக் கீழே வைக்க மாட்டார், பிடிவாதக்காரர். நீங்கள்தான் பார்த்து, நேரத்துக்கு எழுப்பிச் சாப்பிட வைக்க வேண்டும்.

நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி