எங்கள் ஒழுங்கையில் ஆட்களே இல்லை

என் அன்பு மச்சாளுக்கு,

போன வெள்ளிக்கிழமை எங்கள் பாதை திறந்தாயிற்று. ரயில் நிலையத்தின் சின்ன வாசலில் தொடங்கி, எங்கள் ஒடுக்கமான ஒழுங்கையின் நீளத்துக்கும் கூரையோடு வந்து, காலி வீதிப் பெருந்தெருவின் பஸ் தரிப்பிடத்தில் கொண்டுபோய் விடுகிறது. இனி எந்த மழைக்கும் ரயிலால் இறங்கி நனையாமல் பஸ் ஏறலாம். இதைப் பார்க்காமல் போய்விட்டீர்களே என்று அந்த இடத்திலேயே ஒருபாட்டம் அழுதேன். பிறகு கேக் தந்தார்கள், வாங்கிச் சாப்பிட்டேன். உங்களுக்கு என்னைத் தெரியும்தானே.

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு அடிக்கும் நினைவு மலரில் இந்தக் கடிதத்தைப் போடலாம் என்கிறார் உங்கள் தம்பி. தேவாரத்துக்கும் நன்றி நவிலலுக்கும் நடுவில் இரண்டு பக்கம் எனக்கு. ஊரார் வாசிக்கப் போவதால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். வழமைபோலக் குறுக்கே விழுந்து திருத்தாதேங்கோ.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் தம்பியைக் கட்டி வெள்ளவத்தைக்கு வந்து இரண்டு கிழமை இருக்கும். சண்டைக் காலம், வடக்கிலிருந்து வரும் தமிழர் பொலிஸில் பதியாமல் கொழும்பில் தங்க முடியாது; என் பெயர் இன்னும் அந்தப் பதிவில் ஏறவில்லை. ஒரு மாலை கதவு தட்டுப்பட்டது. கையில் பலகையும் படிவமுமாய் ஓர் இளைஞர், சிங்களத்தில் கேட்டார். நீங்கள் கண்ணால் காட்டினீர்கள். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். "இந்த வீட்டில் எத்தனை பேர்?" "தென்னாய்" என்றீர்கள், இரண்டே பேர். "நாளாந்தம் ரயிலில், பஸ்ஸில் போகிறவர்கள்?" "ஒருவருமில்லை. நாங்கள் வெளியே போவதே குறைவு."

கப்பல் கொம்பனி ஒன்றில் இருபது வருஷமாக, ஒரு நாள் தவறாமல் அந்தச் சின்ன வாசலால் ரயிலேறிக் கோட்டைக்கு வேலைக்குப் போன மனிசி நீங்கள்! உங்கள் தம்பி நாள்தோறும் புறக்கோட்டைக்கு பஸ். எனக்கும் கொட்டாஞ்சேனையில் ஒரு பாலர் பள்ளியில் வேலை சரிவந்திருந்தது. கேள்வி கேட்டவர் போனபிறகு, "ஏன் மச்சாள் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். நீங்கள் தேத்தண்ணீரை ஆற்றியபடி சொன்னது இன்றைக்கும் காதில் கேட்கிறது.

"பிள்ளை, ஃபோம், படிவம் எண்டு ஒண்டு வந்தால் ஆளைக் குறைச்சுச் சொல்லு. போற இடத்தைச் சொல்லாதை. இது கொழும்பில எங்களுக்கு முதலாம் பாடம்."

அந்தக் காலத்தில் அது பிழையான பாடம் என்று யார் சொல்லுவார்? பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயர் எங்கே போய்ச் சேரும் என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் தொடர்மாடியில் இருபத்துநான்கு வீடு. அத்தனை வீட்டுக்கும் பொலிஸ் பதிவை எழுதிக் கொடுப்பவர் நீங்கள். சிங்களம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்றும் எல்லோரும் படியில் எட்டிப் பார்த்து, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டு, அதையே சொன்னார்கள். மூன்றாம் மாடித் தவம் அண்ணை மட்டும் ஒரு படி மேலே போய், தன் வீட்டில் ஆளே இல்லை என்று தானே கதவைத் திறந்து சொன்னாராம்.

மாதம் இரண்டு போயிருக்கும். என் பதிவும் சரிவந்துவிட்டது, வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டேன். வாசிகசாலை மண்டபத்தில் பெரிய வரைபடம் ஒன்றைத் தொங்கவிட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் பார்க்கப் போனோம். ரயில் நிலையத்தையும் பஸ் தரிப்பிடத்தையும் ஒன்றாக இணைத்து, சுற்றியுள்ள ஒழுங்கைகளையும் திருத்தி அமைக்கப் போகிறார்களாம். சனம் பார்த்துக் கருத்துச் சொல்லலாமாம். அன்று வீடு வீடாய்ப் படிவத்தில் எழுதிய கணக்கைக் கொண்டு, எந்தெந்த ஒழுங்கையிலிருந்து எவ்வளவு பேர் நிலையத்துக்கு வருகிறார்கள் என்று சிவப்புக் கோடுகள் போட்டிருந்தார்கள். கூட்டமான இடத்தில் தடித்த கோடு, குறைந்த இடத்தில் மெல்லிய கோடு. எங்கள் ஒழுங்கையில் கோடே இல்லை.

நீங்கள் மூக்குக் கண்ணாடியைப் போட்டு ஒருதரம், கழற்றி ஒருதரம் பார்த்தீர்கள். "ஐயோ பிள்ளை, எங்கட ஒழுங்கையில ஆக்களே இல்லையாம்!" என்று மண்டபம் அதிரச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் அடியில் இருந்த குறிப்பை வாசித்தீர்கள். பாவனையில் இல்லாத சின்ன வாசலை மூடி, மதில் கட்டப் போகிறார்கள்.

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வாசல் போனால் நான் காலி வீதியால் சுற்றித்தான் நிலையத்துக்குப் போக வேண்டும். காலி வீதியில் சோதனைச் சாவடி. காலை நேரத்தில் வரிசை எவ்வளவு நீளும், யாரை எவ்வளவு நேரம் மறிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஏழு மணி ரயிலை விட்டால் கோட்டையில் கொட்டாஞ்சேனை பஸ்ஸையும் விடுவேன். பிந்தி வரும் டீச்சரைப் பள்ளி எத்தனை நாள் பொறுக்கும்? கொழும்பில் எனக்கென்று இருந்த ஒரே பிடிமானம் அந்த வேலை. வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். உங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டீர்கள். இருபது வருஷத்தில் முதல் தடவை! என்னையும் இழுத்துக்கொண்டு திட்டமிடல் அலுவலகத்துக்குப் போனீர்கள். அங்கே நிரோஷா என்று ஒரு சின்னப் பெண், அந்த வரைபடத்தைக் கீறியவள். அவளுக்கு முன்னால் இருந்து, நெஞ்சை நிமிர்த்தி, சிங்களத்தில் சொன்னீர்கள்: "மிஸ், நாங்கள் இருபத்துநான்கு வீட்டாரும் பொய் சொன்னோம். சொல்லிக் கொடுத்தது நான்." அலுவலகத்தில் போய்ப் பொய்யை ஒப்புக்கொள்ளும் தமிழரை நான் அதற்கு முன்பு கண்டதில்லை, பிறகும் காணவில்லை.

அவள் கோபிக்கவில்லை. "அந்த ஒழுங்கையில் கொடிகள் நிறைய உடுப்புக் காய்கிறது, ஆனால் ஒருவரும் வெளியே போவதில்லை என்று எழுதியிருக்கிறது. எனக்கும் யோசனையாகத்தான் இருந்தது" என்று சிரித்தாள். ஆனால் வாய்ச்சொல்லை வைத்துக் கோடு போட முடியாதாம். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வாசலில் தானே நின்று எண்ணுவதாகவும், கண்ணால் கண்டதை எழுதுவதாகவும் சொன்னாள்.

ஞாயிறு பின்னேரம் நீங்கள் மாடி மாடியாக ஏறி இறங்கினீர்கள். "நாளைக்கு எல்லாரும் வழமைபோல வாசலால போங்கோ, சரியோ?" எல்லா வீட்டிலும் "ஓம் ஓம்". எங்கள் ஆட்களின் ஓமில் பாதி ஓம் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும் என்பதை நீங்கள் மறந்துபோனீர்கள்.

திங்கள் காலை நிரோஷா பென்சிலும் பலகையுமாக வாசலில் நின்றாள். தவம் அண்ணை சாப்பாட்டுப் பார்சலோடு வந்தார். பென்சிலைக் கண்டார். நெற்றியில் தட்டிக்கொண்டு, எதையோ மறந்தவர்போலத் திரும்பி, காலி வீதிப் பக்கமாக நடையைக் கட்டினார். பின்னால் வந்தவர்களுக்கும் அதே மறதி. ஒருவருக்குக் குடை, ஒருவருக்குப் பேனை, ஒருவருக்கு மனிசி. கால் மணித்தியாலம் ஆகியும் அவளுடைய தாள் வெறுமையாக இருந்தது. கண்ணால் கண்டதை எழுதுவேன் என்றவள் கண்டது வெறும் ஒழுங்கையைத்தான்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "நீர் முதல்ல நடவும்."

"நானோ மச்சாள்?"

"நீர்தான். குசினிக் கதவுக்குப் பின்னால விட்டது நான்தானே. இப்ப நான் சொல்லுறன், முன்னால போம்."

அந்த முப்பது அடி தூரத்தை எப்படி நடந்தேனோ தெரியாது. கைப்பைக்குள் பதிவுத் துண்டை இறுக்கிப் பிடித்திருந்தேன். நிரோஷா அதைக் கேட்கவே இல்லை. "எங்க போறது?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள். "கொட்டாஞ்சேனைக்கு. ரயிலில் கோட்டை, பிறகு பஸ்" என்றேன். அவள் தலையாட்டி ஒரு கோடு போட்டாள். கொழும்பில் யாரோ என்னைக் கேட்டு, நான் உண்மையைச் சொல்லி, ஒரு பொல்லாப்பும் வராமல் போனது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷத்தில் ஓட வேண்டும் போலிருந்தது.

பின்னால் உங்கள் குரல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. "தவம் அண்ணை! எங்க சுத்திப் போறியள்? அவ பேர் கேக்கேல்லை, ஊர் கேக்கேல்லை, தலையைத்தான் எண்ணுறா! உங்கட மொட்டைத் தலையில ஒளிக்க என்ன கிடக்கு?"

பல்கனிகளில் சிரிப்பு வெடித்தது. தவம் அண்ணையும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் குடை, பேனை, மனிசி மறந்தவர்கள் எல்லோரும். பள்ளிப் பிள்ளைகள், வங்கி வேலைக்காரர், டியூஷன் மாஸ்டர், நைட்டிக்கு மேல் துவாயைப் போட்டுக்கொண்டு சும்மா வந்த இரண்டாம் மாடி அக்கா. நிரோஷாவால் கோடு போட்டு மாளவில்லை. அதோடு விட்டார்களா? எண்ணிக்கை கூடினால் வாசல் தப்பும் என்று விளங்கியதும் தவம் அண்ணை காலி வீதியால் சுற்றி வந்து இரண்டாம் முறை வாசலால் போனார். மூன்றாம் முறை வந்தபோது நிரோஷா பென்சிலால் மறித்தாள். "அங்கிள், நீங்க இப்பதானே போனது?" நீங்கள் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் உங்கள் ரயிலும் போய்விட்டது. என்னுடையதும்தான்.

வாசல் தப்பியது. தப்பியது மட்டுமா, புதிய வரைபடத்தில் எங்கள் ஒழுங்கைக்குத்தான் ஆகத் தடித்த கோடு. பாதை அங்கேயே வர வேண்டும் என்று முடிவாயிற்று. ஆறு மாதத்துக்குள் உங்களுக்கு வருத்தம் வந்து களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். கடைசி நாட்களில் நோவைப் பற்றிக் கதைக்கவே இல்லை. "கூரை போடத் தொடங்கிட்டாங்களோ?" என்றுதான் கேட்டீர்கள். "ஓம் மச்சாள், தூண் நட்டாச்சு" என்றேன். அப்போது ஒரு தூணும் நடவில்லை. படிவத்துக்குப் பொய் சொல்லக் கூடாது என்று உங்களிடம் படித்தேன். உங்களுக்கே அந்தப் பொய்யைச் சொன்னேன். மன்னிப்பீர்களா?

இப்போது தூண் நிற்கிறது, கூரையும் நிற்கிறது. ஓட்டோக்காரர்கள் ஒழுங்கை முகப்பை விட்டுக் கொடுத்து அந்தப்பக்கம் வரிசையில் நிற்கிறார்கள். முழங்கால் ஏலாதவர்களுக்குப் படிக்குப் பதில் சரிவு போட்டிருக்கிறார்கள். பெரிய பஸ் நிலையமும் கடைத் தொகுதியும் சண்டை முடிந்த பிறகாம். அந்த வரைபடம் சுருட்டினபடி கிடக்கிறது. சோதனைச் சாவடியும் கிடந்த இடத்தில்தான் கிடக்கிறது. மழை வந்தால் ஆமிக்காரப் பொடியனும் எங்கள் கூரைக்குக் கீழேதான் ஒதுங்குகிறான். "தேங்ஸ் அக்கே" என்கிறான். நான் என்ன சொல்லட்டும், சிரித்துவிட்டுப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா முடியும்போது நிரோஷா ஒரு தாளை எடுத்தாள். பாதையைப் பார்த்துக்கொள்ள, மிச்சத் திட்டத்தைக் கேட்டு வாங்க, பிரயாணிகள் குழு ஒன்று வேண்டுமாம். சேருகிறவர்கள் பெயர், விலாசம் எழுத வேண்டும். வீட்டில் இந்தப் பாதையால் போகப்போகிறவர்கள் எத்தனை பேர் என்றும் எழுத வேண்டும். பெயர், விலாசம் என்றதும் முன்னால் நின்றவர்கள் இரண்டு அடி பின்னால் வைத்தார்கள். எல்லோரும் தங்களை அறியாமல் உங்களைத் தேடினார்கள் மச்சாள். நீங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தார்கள். அங்கே நான் நின்றேன்.

பேனையை வாங்கி எழுதினேன். என் முழுப் பெயர், வீட்டு இலக்கம், ஒழுங்கை. எனக்குப் பின்னால் தவம் அண்ணை எழுதினார், ஒரே ஒரு தடவைதான். பிறகு வரிசை நீண்டது. எத்தனை பேர் என்ற இடத்தில் நான் எழுதியதை நிரோஷா வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "மூன்றா? வீட்டில் நீங்கள் இரண்டு பேர்தானே?" என்று சிங்களத்தில் கேட்டாள். நான் வயிற்றில் கை வைத்துக் காட்டினேன். ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். உங்கள் தம்பிக்கு அடுத்தபடியாக இந்தச் செய்தி அவளுக்கு, இப்போது உங்களுக்கு. ஐந்தாம் மாதம்.

செவ்வாய்க்கிழமை குழுவின் முதல் கூட்டம். என் அரைகுறைச் சிங்களத்தோடு முன்வரிசையில் போய் இருப்பேன். பிள்ளைக்கு நடை வந்ததும் கையைப் பிடித்து அந்த வாசலால் கூட்டிப்போவேன், இது உன் மாமி திறந்து வைத்தது என்று சொல்லுவேன். யார் வந்து எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாலும், கதவுக்குப் பின்னால் ஒருவரையும் நிறுத்தாமல் சரியாகச் சொல்லுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

என்றும் உங்கள் சின்ன மச்சாள்,
உங்கள் தம்பியின் மனைவி, உங்கள் மருமகப்பிள்ளையின் தாய்,
சுகந்தி