ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில்

ஏப்ரல் 4

காலையில் ஜெராக்ஸ் கடையில் வரைபடத்தை அச்செடுத்தேன். ஐந்தரை கிலோமீட்டர் உயரத்துக் காற்று. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யாரோட கைரேகைம்மா இது? ஆயுசு கெட்டியா?" என்றார். நான் சிரிக்கவில்லை.

மேற்கே கோடுகள் தொங்குகின்றன. காற்றழுத்தப் பள்ளம் ஒன்று வருகிறது. பள்ளத்துக்கு முன்னால் காற்று மேலெழும், மழை பெய்யும். வானிலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இதே வரைபடத்தில் எண்களைக் குறித்தவள் நான். கோடு போட மட்டும் விடவில்லை. "புள்ளி வைக்கத்தான் உனக்குச் சம்பளம்" என்றார் அதிகாரி. அவர் போட்ட கோடுகளைப் பார்த்துப் பார்த்தே கற்றேன். அவர் தவறிய நாட்களும் என்னிடம் இருக்கின்றன, தேதியோடு.

தம்பிக்குச் செங்கல் சூளை. நான்கு நாள் கல் அறுக்காதே என்று சொன்னேன். சுடாத பச்சைக் கல் நனைந்தால் சேறுதான்.

"போன்ல வெயில்னு போட்டிருக்கானே அக்கா."

"போன் பெருசா, நான் பெருசா?"

வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

ஏப்ரல் 5

வெயில்.

ஏப்ரல் 6

வெயில். உயரத்தில் மெல்லிய மேகம் வந்தது, போனது.

ஏப்ரல் 8

பள்ளம் தலைக்கு மேலேயே கடந்துபோனது. நான் தவறாகப் படிக்கவில்லை. ஆனாலும் ஒரு சொட்டு இல்லை.

ஆட்கள் வேறு சூளையில் சேர்ந்துவிட்டார்கள். தம்பியும் அவன் மனைவியும் தாங்களே மண் மிதிக்கிறார்கள்.

"உன் மேப்பை எல்லாம் கொண்டாக்கா. சூளை பத்த வைக்கவாவது ஆகும்."

அவன் மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: "விடுங்க. அண்ணி மழைக்கு வேண்டியவங்க, நமக்கு இல்ல."

நல்லது. இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

ஏப்ரல் 11

எங்கே தவறினேன்? தவறினேனா?

மார்க்கெட்டில் பக்கத்து மேசைக்காரியைப் பார்த்தேன். அலுவலகத்தில் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்து வரைபடம் அவளுடையது. பதினொரு வருடமாகப் பேச்சில்லை. ஒரு புயல் திசை திரும்பும் என்று நான் சொன்னபோது, டீ வேளையில் "ஆமாம்டி" என்றவள், அதிகாரி முன்னால் வாயைத் திறக்கவில்லை. புயல் திரும்பியது. தானே கணித்ததாக அவர் சொல்லிக்கொண்டார், பாராட்டு அவருக்குப் போனது.

இன்று அவளே வந்தாள். "தம்பி விஷயம் கேள்விப்பட்டேன். கீழ ஈரம் இருக்கான்னு பார்த்தியா?"

நான் கத்தரிக்காயைப் புரட்டினேன்.

"மேல இழுக்கறதுக்கு ஆள் இருந்தா போதுமாடி? கிணத்துல தண்ணி வேணாமா?"

காய்கூட வாங்காமல் திரும்பிவிட்டேன். வாயாடி.

ஏப்ரல் 12

கீழ் வரைபடத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என் மேசைக்கு அது வந்ததேயில்லை. வரவில்லையா, நான் எட்டிப் பார்க்கவில்லையா? அவள் மேசை இரண்டடி தூரம்.

ஆறாம் தேதிக்கான கீழ் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். நிலப்பக்கத்துக் காற்று, சருகாகக் காய்ந்து கிடக்கிறது. மேகத்துக்கு எங்கிருந்து தண்ணீர் கிடைக்கும்?

அவளிடம் சொல்லப்போவதில்லை.

ஏப்ரல் 19

மறுபடி ஒரு பள்ளம். இந்த முறை கீழே கடல் காற்று, நல்ல ஈரம். நாளை பிற்பகல் மூன்று மணிக்கு மழை.

தம்பி போனை எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தேன்.

ஏப்ரல் 20

போனேன். வாசலைத்தானே மிதிக்க மாட்டேன் என்றேன்? சூளைக்குப் பின்பக்கமும் வழி இருக்கிறது.

பச்சைக் கல் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது, அவர்கள் இருவர் கையால் அறுத்தது. தார்ப்பாயை நானே இழுத்தேன். அறுபத்தெட்டு வயது முட்டி கத்தியது. தம்பி இடுப்பில் கைவைத்து நின்றான்.

"அக்கா, வானத்தைப் பாரு. காக்காகூட நிழல் தேடுது."

"அந்த முனையைப் பிடி."

"இன்னிக்கும் வரலேன்னா உன்னையும் சூளைக்குள்ள வச்சு மூடிருவேன்."

"மூடு. இப்போ பிடி."

பிடித்தான்.

மூன்று மணி, வெயில். மூன்றரை, வெயில். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள், எனக்குக் கொடுக்கவில்லை. நான் எழுந்து போகவும் இல்லை.

நான்கேகாலுக்கு வந்தது. அரை மணி நேரம், தார்ப்பாய் கிழிகிறாற்போல. கல் தப்பியது. ஒரு சொம்புத் தண்ணீர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

நான் சொன்னது மூன்று. ஒன்றேகால் மணி நேரம் பிழை. தேதியோடு குறித்துவிட்டேன். ஏன் தாமதமானது? எனக்குத் தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரிக்குத் தெரிந்திருக்கும்.