கூழ் ஊற்றின அன்று நடந்தது

சேலையூர்,
20.11.1994

அன்பு மகன் ஜெயவேலுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் சுகமாக இருக்க வேண்டும். எப்போதும் கடிதம் உங்கப்பா கையெழுத்தில்தான் வரும், இது என் கோணல் எழுத்து, பொறுத்துப் படி. மழை விடவில்லை, பள்ளிக்கரணைப் பக்கம் ரோடே தெரியவில்லையாம், உங்கப்பா முட்டித் தண்ணீரில் நடந்து வந்து காலெல்லாம் சேற்றுப்புண். அதெல்லாம் கிடக்கட்டும். உன் பெண்டாட்டி லோகநாயகி மூன்று மாதமாகப் பாப்பாவோடு குன்றத்தூரில் தாய் வீட்டில் இருக்கிறாளே, அவள் திமிர் பிடித்துப் போனதாக உங்கப்பா உனக்கு எழுதியது சுத்தப் பொய். நீ அதை நம்பி, அம்மா காலில் விழுந்து மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் அங்கேயே கிட என்று அவளுக்கு எழுதினாய். லோகுவின் அண்ணன் போன வாரம் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து நம் வாசலில் வீசிவிட்டுப் போனான், நான் எடுத்துப் படித்தேன். ஆத்திரம் வந்தது, உன் மேல் பாதி, என் மேல் பாதி.

நடந்ததை நானே சொல்கிறேன். சித்திரையிலிருந்தே உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும், தட்டுத் தட்டாகத் தின்றும் ரவிக்கை தொளதொளத்துப் போனது, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாலும் வேர்த்து ஊற்றும், கை எந்நேரமும் நடுங்கும். பால்காரன் மணி அடித்தால் அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருக்கும். டிரான்சிஸ்டரைச் சுவரில் அடித்து உடைத்தேன், பூனையை முறத்தால் அடித்து அதன் இடுப்பை ஒடித்தேன், உங்கப்பா மேல் சொம்பை வீசியதில் அவர் புருவத்தில் மூன்று தையல். வழுக்கி விழுந்ததாக உனக்கு எழுதினாரே, அதுதான் அது. உன் பெரியப்பா குப்புராஜ் என் கை நடுங்குவதைப் பார்த்து, ஆடி பொறக்கப் போவுது, பொன்னி மேல ஆத்தா எறங்கிகினு கீறா, டாக்டரு ஊசின்னு போய்டாதீங்க, குடும்பத்துக்கு ஆவாது என்று ஒரே போடாகப் போட்டார். அவ்வளவுதான், தெருவே எலுமிச்சம்பழத்தோடு வந்து என் எதிரில் உட்கார்ந்து, வேங்கைவாசல் மனை எப்ப விக்கும் என்று குறி கேட்டது. நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

ஆடி மூன்றாவது ஞாயிறு கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். வாசலில் அண்டாவில் கேழ்வரகுக் கூழ் கொதிக்கிறது, நான் துடுப்பால் கிண்டுகிறேன், லோகு கையிலிருந்த அண்டா மூடி நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் என் மண்டைக்குள்ளேயே விழுந்தது. துடுப்பை ஓங்கி அவள் இடது கையில் அடித்தேன், எலும்பு உடைந்தது எனக்கே கேட்டது. அத்தே வேணாம் அத்தே என்று அவள் கத்தக் கத்த இன்னும் இரண்டு அடி அடித்தேன், அதோடு விட்டேனா, கொதிக்கிற கூழைச் சொம்பில் மொண்டு அந்தக் கையிலேயே ஊற்றினேன். தோல் கூழோடு உரிந்து வந்தது. பாப்பா பார்த்துக்கொண்டே நின்றது. ஒருத்தரும் என்னைப் பிடிக்கவில்லை, ஆத்தாவை யார் பிடிப்பார்கள். பெரியப்பா லோகுவிடம், இன்னா தீட்டோட வந்து நின்னியோ, ஆத்தாவுக்குக் கோவம் வந்துட்ச்சி, வுழுந்து கும்புடு என்றார். அந்தக் கையோடு அவளைத் தள்ளி என் காலில் விழ வைத்தார்கள், புண்ணில் மஞ்சளை அப்பினார்கள். மறுநாள் காலையில் அவள் அண்ணன் வந்து அழைத்துப் போனான்.

அதற்குப் பத்து நாள் கழித்து நான் குளிக்கும்போது மயங்கி விழுந்தேன், அப்புறம்தான் உங்கப்பா பயந்து தாம்பரத்தில் டாக்டரம்மா ரத்தினபாயிடம் கூட்டிப்போனார். அந்தம்மா என் கண் பிதுங்கியிருப்பதைப் பார்த்துக் கழுத்தைத் தடவி, கையை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார், காகிதம் படபடவென்று ஆடியது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது சாமியும் இல்ல பேயும் இல்லம்மா, கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு, அது அளவுக்கு மேல சுரக்குது, அதனால நெஞ்சு ஓடுது, மனசுக்குத் தாங்குற சக்தி இல்லாம போச்சு, சின்னது கூடப் பெரிசாத் தெரியும் என்றார். மாத்திரை கொடுத்தார். இப்போது நடுக்கம் இல்லை, தூங்குகிறேன், போன வாரம் எடுத்த ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி, எல்லாம் அந்தச் சுரப்பி செய்த வேலை, விடு என்கிறார்கள்.

எனக்கு விட முடியவில்லையடா. துடுப்பை ஓங்கியது சுரப்பி என்றே வைத்துக்கொள். அவளை என் காலில் தள்ளினார்களே, அப்போது என் மேல் ஆத்தா இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், எழுந்திருடி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது எனக்கு நன்றாக இருந்தது, அதனால் சும்மா நின்றேன். டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டேன், அதுக்கு மாத்திரை இல்லம்மா என்றார்.

இதுவரைக்கும் எழுதியதை நேற்று எடுத்துக்கொண்டு குன்றத்தூர் போனேன். பாப்பா என்னைப் பார்த்ததும் அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. லோகு என்னை உள்ளே கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டியதும் இல்லை. வாசற்படியில் நின்றே முழுவதும் படித்தாள், ஒரு வரியும் அடிக்கச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சேர்த்து எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். ரெண்டு வெரலு மடங்கவே மாட்டேங்குது, பாப்பாவுக்குச் சடை பின்ன முடியல, இதையும் எழுதுங்க அத்தே என்றாள்.

நீ தீர்க்காயுசாக இரு. முதலில் லோகுவுக்கு எழுது, மன்னிப்பு நீதான் கேட்க வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் வந்தது என்று அதில் ஒரு வரி கூட எழுதாதே. அவள் திரும்பி வருவதும் வராததும் அவள் இஷ்டம். எனக்குப் பதில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டியின் கையை ஒடித்த உன் அம்மா,
லோ. பொன்னியம்மாள்