கசிவு இல்லை என்று சொன்ன கருவி

என் பிரியமுள்ள ரூபி மதினிக்கு,

இதுவரை உங்கள் கல்லறைக்கு மெழுகுவர்த்தியோடு மட்டும்தான் வந்திருக்கிறேன். இந்த முறை சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

தேவிகுளத்துக்குக் கீழே உங்கள் அம்மா கொழுந்து எடுத்த தேயிலை எஸ்டேட்டில், இப்போது இலை எடை ஒரு சிறிய லினக்ஸ் கணினிப் பெட்டியில் ஏறுகிறது. மத்தியானமானால் பெட்டி அசையாமல் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் காலையில் ஏறிய எடை போய்விடும். "அதுக்கு மத்தியானத் தூக்கம், எங்களுக்கு வெறுங்கூடையா?" என்று அன்னம்மா அக்கா கல்லூரி விட்டு வந்த என்னை வழியில் நிறுத்திக் கேட்டார்.

ஏதோ நிரல் மெமரியை எடுத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை என்று சந்தேகப்பட்டேன். அந்த மெமரிக் கசிவைக் கண்டுபிடிக்கத்தானே நீங்கள் ஒரு கருவி எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் விட்டீர்கள்? பெட்டியில் ஓட்டினோம். 'கசிவு இல்லை' என்றது.

"கறண்டுதான் பிரச்சனை சேச்சி. இந்த டூல் பழசு, எடுத்துக் களையட்டா?" என்றான் பினு. எடைபோடும் நிரலை எழுதியவன் அவன்தான்.

எனக்குக் கருவியின் மேலும் நம்பிக்கை இல்லை, பினுவின் மேலும் இல்லை. விடை தெரிந்த ஒன்றை முதலில் அளந்து பார்ப்பது உங்கள் பழக்கம். அதற்காகவே, வேண்டுமென்றே கசியும் சின்ன நிரல் ஒன்றையும் கருவியோடு சேர்த்து வைத்திருந்தீர்கள். யாரும் அதைத் தொட்டதேயில்லை. என் மடிக்கணினியில் ஓட்டினேன்: 'கசிவு உண்டு.' பெட்டியில் ஓட்டினேன்: 'கசிவு இல்லை.'

"ஐயோ சேச்சி, இது பொய் சொல்லுது!" பினு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அளக்கும் பகுதியில் தவறில்லை. அதன் விடையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஷெல் ஸ்கிரிப்டில்தான் கோளாறு. கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்களில் பாஷ் என்பதற்காக நீங்கள் அதை எழுதினீர்கள். பெட்டியில் இருந்தது அதைவிடச் சிறிய ஷெல். பாஷின் இரட்டைச் சதுர அடைப்புக்குறி ஒப்பீடு அதற்குத் தெரியாது. தெரியாததை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு, நேரே 'கசிவு இல்லை' வரிக்குப் போய்விட்டது. பெட்டியைப் பொருத்தியவர்கள் பிழைச் செய்திகளையும் திரைக்கு வரவிடவில்லை. ஸ்கிரிப்ட் உங்கள் பிழைதான் மதினி, ஒளிக்கமாட்டேன். அதைக் காட்டிக்கொடுத்ததும் நீங்கள்தானே?

பாஷை ஏற்றப் பெட்டியில் இடமில்லை. எல்லா ஷெல்லுக்கும் புரியும் எளிய ஒப்பீடுகளாக வரிவரியாக மாற்றினேன். ஒப்பிடவே முடியாமல் போனால் இனிமேல் அது தீர்ப்புச் சொல்லாது, நின்றுவிடும்.

பிறகு உங்கள் கசியும் நிரல் பிடிபட்டது. அடுத்ததாக எடைபோடும் நிரலும்! சீட்டு அச்சிடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெமரியைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. பினு அதைத் திருத்தினான்.

நேற்று சாயங்காலம் வரை பெட்டி நிற்கவில்லை. தன் எடையைத் திரையில் பார்த்த அன்னம்மா அக்கா, "ரூபி செஞ்சதா இது? அவ சின்னதுலயே யாரையும் நம்பமாட்டாளே!" என்றார்.

"நானும் அப்படித்தான் அக்கா."

"அதான் ரெண்டு பேரும் ஒரே வீட்ல வந்து சேந்தீங்க."

நான் லேசில் பெருமைப்படுகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று பட்டேன்.

மற்ற எடைக் கொட்டகைகளுக்கும் போகப் போகிறேன். ஸ்கிரிப்டின் தலைப்பில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். அதன் கீழே என் பெயரையும் சேர்த்திருக்கிறேன், உங்களைக் கேட்காமலே. எந்தப் பெட்டியிலும் முதலில் உங்கள் கசியும் நிரலைத்தான் ஓட்டுவேன். அது பிடிபடாதவரை, நீங்கள் எழுதிய கருவியே ஆனாலும் நம்பமாட்டேன்.

உங்களைப் போலவே சந்தேகக்காரியான நாத்தனார்,
ஸ்டெல்லா