நடு நாற்காலி

அருமை மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், என் காது உட்பட, நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, பல் விழுந்த என் பேத்தி மூவரும் நலமாக இருக்க வேண்டும். விழுந்த இடத்தில் புதுப் பல் எட்டிப் பார்க்கிறதா என்று எழுது. கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் உன் அண்ணன் நடுவில் புகுந்துவிடுகிறான், நீ அவனுக்குப் பதில் சொல்லப் போய்விடுகிறாய், நான் என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு நான் போவதாக இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

காது டாக்டர் சொன்னதை நான் மறுக்கவில்லை. அத்தனை வருஷம் மில்லில் நூல் சுற்றும் மெஷின்களுக்கு நடுவே நின்றவளுக்குக் காது முழுசாக மிஞ்சியிருந்தால்தான் அதிசயம். மெல்லிய சத்தங்கள் போய்விட்டன, மற்றதெல்லாம் இருக்கிறது என்றார் அவர். மற்றதெல்லாம் இருக்கிறது என்பதை உன் அண்ணன் வண்டியை எடுப்பதற்குள் மறந்துவிட்டான். அன்றிலிருந்து என்னைப் பற்றி என் எதிரிலேயே பேசுகிறார்கள். அம்மா சாப்பிட்டாங்களா என்று உன் அண்ணி அண்ணனைக் கேட்கிறாள், நான் அவளுக்கு எதிரே தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். காலிங் பெல் கேட்காதாம், குக்கர் சத்தம் கேட்காதாம், திருடன் வந்தால் கேட்காதாம். திருடன் என்ன பாட்டுப் பாடிக்கொண்டா வருவான் என்று கேட்டேன். காதில் வைக்கிற மெஷினுக்கு அளவு கொடுத்திருக்கிறேன், அது வரும்போது வரட்டும். நீ அனுப்பிய ஹெட்போன் நல்ல பொருள்தான், ஆனால் அதை மாட்டினால் என் தலைக்குள் யாரோ குடி வந்த மாதிரி இருக்கிறது, கழற்றி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அதற்குப் பதிலாகத்தான் தெருமுனை ரேடியோக்காரரிடம் ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கரும் கைப்பிடி அளவு ஆம்ப்ளிஃபையரும் வாங்கினேன். யாரோ போட்டுவிட்டுப் போன பழசு, விலை உனக்குச் சிரிப்பு வரும் அளவுக்குத்தான். அண்ணன் பார்த்துவிட்டு, இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா என்றான். உனக்கு எந்த வயதில் எது தேவைப்பட்டதென்று நான் ஆரம்பிக்கட்டுமா என்றேன், பேச்சை மாற்றிவிட்டான். புத்தக அலமாரி ஸ்பீக்கர் என்று ரேடியோக்காரர் சொன்னாரே என்று நானும் ஒழுங்காக உன் பழைய பாடப் புத்தகங்களைத் தள்ளிவிட்டு அலமாரிக்குள்ளேயே இரண்டையும் செருகி வைத்தேன். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டுப் பேசுகிற மாதிரி கேட்டது. பேரில்தான் அலமாரி, உள்ளே வைத்தால் அதற்கு மூச்சு முட்டுகிறது. வெளியே எடுத்து இரண்டு ஸ்டூலில் வைத்தேன். ஒரு ஸ்டூல் குட்டை, அதன் மேல் டிக்‌ஷனரியை வைத்து உயரத்தைச் சரிக்கட்டினேன். பெட்டி முகப்பில் மேலே இருக்கிற சின்ன வட்டம் உட்கார்ந்திருக்கும் என் காதுக்கு நேராக வந்தால் சொற்களுக்கு ஓரம் கிடைக்கிறது, இல்லாவிட்டால் எல்லாம் கூழாகிவிடுகிறது. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளினேன், கொஞ்சம் என்னைப் பார்த்துத் திருப்பினேன். மொட்டைத் தரையில் சத்தம் எகிறுகிறது என்று உன் கல்யாணத்துக்கு வாங்கிய ஜமுக்காளத்தை விரித்தேன். கூடத்தில் நடக்க இடமில்லை என்கிறாள் அண்ணி. அவள் மாதத்துக்கு ஒரு தடவை நடக்கிற கூடம் அது.

இதில் நான் செய்த கூத்து ஒன்று இருக்கிறது, சிரிக்காமல் படி. ஸ்டூலைத் தள்ளியதில் வயர் எட்டவில்லை. இரண்டுக்கும் துண்டு வயரைச் சேர்த்து, மில்லில் அறுந்த நூலை முடிகிற முடிச்சைப் போட்டேன். கை பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். இழுத்தால் வயரே அறுமே தவிர அந்த முடிச்சு அவிழாது. மேலே டேப்பும் சுற்றிவிட்டேன். நான் எழுந்து நடந்தால் பாட்டு நிற்கிறது, உட்கார்ந்தால் வருகிறது. பேய் பிடித்த பெட்டியை விற்றுவிட்டார் என்று ரேடியோக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் வந்து டேப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அம்மா, கம்பியும் கம்பியும் தொட்டாத்தான் கரண்டு போகும், இங்க முனை மட்டும் உரசுது, நீங்க தோலுக்கும் தோலுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கீங்க என்றார். முறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். சத்தம் நிற்காமல் வந்தது, ஆனால் பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை. இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை, குரல் கரைந்துபோயிருந்தது. சின்னப் பெட்டி இவ்வளவுதான்மா பேசும் என்றார் அவர். உங்க காது அப்படி என்றான் உன் அண்ணன். இரண்டு பேரும் சொல்லிவிட்டால் ஆயிற்றா. நான் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். வலது பெட்டியில் இரண்டும் இடம் மாறியிருந்தன. ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்திருக்கிறது. சரியாக மாட்டியதும் பாடுகிறவர் வந்து நடுவில் நின்றார், மூச்சு வாங்குவது உட்பட எனக்குக் கேட்டது. டாக்டர் சொன்ன மிச்சக் காதிலேயே கேட்டது. சிட்டு, நான் அழுதேன். வெட்கமாக இல்லை, அதனால் எழுதுகிறேன். சத்தம் அதிகம் என்று சண்டைக்கு வந்த மாடி வீட்டு டீச்சரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன், இப்போது தினமும் சாயங்காலம் வந்துவிடுகிறாள். ஆனால் ஓர நாற்காலிதான் அவளுக்கு, நடு நாற்காலி எனக்கு.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. கோளாறு என் காதில் பாதி, இடத்தில் பாதி. நீங்கள் குழாயைத் திறந்துவிட்டுச் சமையலறையிலிருந்து முதுகைக் காட்டிப் பேசுவீர்கள், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசுவீர்கள், அப்புறம் அம்மாவுக்குக் கேட்கவில்லை என்பீர்கள். ஒரு மலிவுப் பெட்டிக்கு நான் கொடுத்த மரியாதையைக்கூட நீங்கள் எனக்குக் கொடுத்ததில்லை. திரும்பி உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, ஒருவர் பின் ஒருவராகப் பேசினால் எனக்கு எல்லாமே கேட்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நாம் மூவரும் வீடியோவில் பேசினோமே, அன்று நான் போனைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வயரைச் செருகி உங்கள் குரலை இந்தப் பெட்டிகளில் வரவைத்திருந்தேன். உங்களை அசத்தலாம் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். நடுவில் அடுப்பை அணைக்க எழுந்து போனேன். அப்போது உன் அண்ணன், அம்மாவுக்கு எப்படியும் கேக்காது, நாம பேசிடலாம் என்று ஆரம்பித்தான். வீட்டை டியூஷன் சென்டருக்குப் பேசி முடித்துவிட்டானாம். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேனாம், அதனால் சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு போய்விட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாமாம். எல்லாம் சமையலறை வரைக்கும் தெளிவாக வந்தது. பிறந்ததிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத நீங்கள் இரண்டு பேரும் என் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகிறீர்களே என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து உட்கார்ந்து, என்ன பேசினீங்க என்று கேட்டேன். வெயிலைப் பத்தி என்றான் அவன். நீ ஒன்றும் சொல்லவில்லை. நீயாகச் சொல்வாய் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன்.

அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். நான் தனியாக விழுந்து கிடப்பேனோ என்ற பயத்தில் என்னை மூட்டை கட்டப் பார்க்கிறான். டியூஷன் சென்டர்காரர் வீடு பார்க்க வந்தால் நடு நாற்காலியில் உட்கார வைத்து ஒரு பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டு அனுப்பிவிடுவேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. விழுந்தால் தூக்குவதற்கு மாடியில் டீச்சர் இருக்கிறாள், தெருமுனையில் ரேடியோக்காரர் இருக்கிறார். நடக்க முடியாமல் போகிற அன்றைக்கு நானே சொல்வேன். அதுவரை என் கேள்விக்கு நான்தான் பதில்.

உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. உனக்கு ஓகேதானே என்று அண்ணன் கேட்டபோது நீ உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு மூச்சை உள்ளே இழுத்தாய், ஏதோ சொல்ல வாயெடுத்தாய், அப்படியே விழுங்கிவிட்டு, அதற்கப்புறம்தான் சரி என்றாய். போனில் உன் அண்ணனுக்கு அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. உன் சரிக்கு நான் பதில் எழுதவில்லை சிட்டு, அந்த மூச்சுக்குத்தான் இவ்வளவும் எழுதினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடி கேட்பான். விழுங்கியதை அன்றைக்குச் சொல். எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் பரவாயில்லை, என் முகத்தைப் பார்த்துச் சொல்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், பேத்திக்கு என் முத்தம். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, உனக்கும் என் காதுதான் வாய்த்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது குழாயை மூடிவிட்டு உட்கார்.

இப்படிக்கு,
இதே முகவரியில் இருக்கப்போகும்
உன் அம்மா