இரண்டாவது வசன அட்டை

அக்கா,

இன்று காலை புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைத் தட்டு என்னிடம் வந்தது. கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். கை தானாக இன்னொன்றையும் எடுத்தது. தட்டு பிடித்திருந்த சர்ச் கமிட்டிக்காரர், "ஆளுக்கு ஒண்ணுதானுங்க. இது யாருக்குங்க?" என்றார்.

வருஷா வருஷம் உங்களிடம் கேட்ட அதே கேள்வி. "கேட்டுல நிக்கறவருக்குங்க" என்பீர்கள். உங்கள் வீட்டுக்காரர் ஞாயிறு தவறாமல் உங்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சர்ச் கேட்டுக்கு எதிர் டீக்கடையில் பேப்பர் படித்தபடி காத்திருப்பார். சர்ச்சுக்குள் வந்ததே இல்லை. கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருந்தார். நீங்கள் தரும் வசன அட்டையைத் திருநீற்றுப் பொட்டலத்தோடு சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

உலகம் உண்டாகுமுன்பே தேவன் தம்முடையவர்களைத் தெரிந்துகொண்டார், தகுதி பார்த்தல்ல, இரக்கத்தால் என்று வேதபாட வகுப்பில் நான்தான் விளக்கினேன். மற்றவர்களை விட்டது அநீதி ஆகாது, இரக்கத்தை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது என்றும் சொன்னேன்.

"என்னையத் தகுதி பாக்காம எடுத்தாருன்னா, எங்கூட்டுக்காரரை மட்டும் தகுதி பாத்தா அம்மணி தள்ளுவாரு?" என்றீர்கள். "தள்ளிப்போட்டாருன்னு உனக்கு ஆரு சொன்னது?"

படித்த பதில்கள் நிறைய இருந்தன. பக்கத்தைப் புரட்டி அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன்.

உங்கள் வீட்டுக்காரர் இறந்தபோது, ஞானஸ்நானம் பெறாதவருக்கு நம் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றது கமிட்டி. நீங்கள் சண்டை போடவில்லை. மின்மயானத்தில் எரித்து, பவானி கூடுதுறையில் சாம்பலைக் கரைத்தான் உங்கள் மகன். "என்னையும் அங்கயே கரைச்சுப்போடுங்க" என்றீர்கள். இறந்தவர்கள் உயிர்த்தெழும் நாளில் உடலில்லாமல் என்ன செய்வீர்கள் என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன்.

"ஆண்டவரு கூப்புட்டா, இதா வாரேனுங்கன்னு சொல்லுவேன். ஆனா இவரு கையப் புடிச்சுட்டுத்தான் வருவேன்."

போன ஆடியில் நீங்கள் இறந்தபோது உங்கள் சொற்படியே செய்தோம். போதகர் மின்மயானத்துக்கு வந்து ஜெபித்தார். மனம் ஒப்பாத சிலர் உள்ளே வராமல், அங்கேயும் எதிரில் இருந்த ஒரு டீக்கடையில் நின்றுகொண்டார்கள். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தேவன் தெரிந்துகொள்கிறார் என்பதை இன்னும் நம்புகிறேன், அக்கா. அவர் நீதியுள்ளவர் என்பதிலும் மாற்றமில்லை. யாரை விட்டுவிட்டார் என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன். வகுப்பில் யாராவது கேட்டால் உங்கள் கேள்வியைத்தான் கேட்கிறேன்.

கமிட்டிக்காரர் தட்டோடு காத்திருந்தார்.

"கேட்டுல நிக்கறவருக்குங்க" என்றேன்.

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். டீக்கடையில் யாருமில்லை. ஆனாலும் அட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை.